மீனைக் கையில் எடுத்தவன்

புரட்டாசி முதல் சனிக்கிழமை. கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜ பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டு கொமுட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், அக்கா, அக்காவின் எட்டு வயது மகள். நல்ல கூட்டம். பாப்பாவுக்கு உட்கார இடம் கிடைத்ததும், "மாமா, ஒரு கதை சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். பெருமாளைப் பார்த்துவிட்டு வந்த வாய்க்கு மச்ச அவதாரம்தான் வந்தது.

பாகவதத்தின் எட்டாவது ஸ்கந்தத்தில் உள்ள கதை அது. திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் இறங்கித் தர்ப்பணம் செய்கிறான். அந்த ஆறு நம் மதுரை வைகைதான் என்று சொல்பவர்களும் உண்டு. கையில் அள்ளிய தண்ணீரில் ஒரு குட்டி மீன் வந்துவிடுகிறது. அரசன் அதைத் திரும்ப ஆற்றிலேயே விடப் போகிறான். மீன் பேசுகிறது: அங்கே விடாதே, பெரிய மீன்கள் என்னைத் தின்றுவிடும். சரி என்று கமண்டலத்தில் போட்டு எடுத்துப் போகிறான். விடிவதற்குள் கமண்டலம் போதவில்லை. பெரிய பாத்திரத்துக்கு மாற்றுகிறான், அதுவும் போதவில்லை. ஏரி போதவில்லை. கடைசியில் கடலில் கொண்டுபோய் விடும்போதுதான் வந்திருப்பது யார் என்று அவனுக்குப் புரிகிறது.

பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி, துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைப் பக்கம் சனிக்கிழமை பாசார் மாலாம் வழியாக மஸ்ஜித் இந்தியாவில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு நடந்தோம். துடோங் கடை, சோயா பால் கடை எல்லாம் தாண்டி ஓரிடத்தில், பிளாஸ்டிக் பைகளில் தங்கமீன்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பாப்பா நின்றுவிட்டாள்.

"மாமா, இது நம்மளப் பார்த்து வாயத் தொறக்குது. கூப்பிடுதா?"

நான் சொன்ன கதை. நானே மாட்டிக்கொண்டேன். இரண்டு மீன், ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், ஒரு சின்ன டப்பா தீனி. எல்லாம் சேர்த்து இருபது வெள்ளிக்குள் முடிந்துவிட்டது. அக்கா மட்டும், "வளர்க்கத் தெரியுமாடா உனக்கு?" என்று கேட்டார். "மீன்தானே க்கா" என்றேன்.

பைப்பைத் திறந்து கிண்ணத்தை நிரப்பினேன். மீனை விட்டோம். பாப்பா காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் தீனி போட்டாள். திங்கட்கிழமை ஒன்று மிதந்தது. புதன்கிழமை மற்றொன்று.

முதல் மீனுக்கு நான் எல்லாப் பெரியவர்களும் சொல்வதைச் சொன்னேன். "சாமிகிட்ட போயிடுச்சு பாப்பா." இரண்டாவது மீனுக்கும் அதையே சொல்ல வாய் எடுத்தபோது அவள் கேட்டாள்: "நாமதான் கொன்னோமா மாமா?"

தம்பி தங்கைகளே, நம் வகுப்புகளில் அகிம்சை பற்றி எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். திருக்குறளில் கொல்லாமைக்கு என்று ஓர் அதிகாரமே இருப்பதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் புரட்டாசி விரதம் வேறு. சமையலறையில் மீன் வாசனையே கிடையாது. ஹாலில் மட்டும் செத்த மீன்.

அன்றிரவு படித்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆகவில்லை, நான் செய்த தப்பு முழுவதும் விளங்கிவிட்டது. மீன் சுவாசிக்கும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஆற்றிலும் குளத்திலும் அதைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, செடிகளுக்கு உரம். புதுத் தொட்டியில் இந்த உயிர்கள் போதுமான அளவுக்கு இருக்காது. அவை பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஃபில்டரும் இல்லாத, இரண்டு லிட்டர்கூடப் பிடிக்காத கிண்ணத்தில், குளோரின் கலந்த பைப்புத் தண்ணீரில், மூன்று வேளைத் தீனியோடு விட்டால் அந்த மீன் தன் கழிவிலேயே வெந்து சாகும். தங்கமீன் என்பது கெண்டை இனம். ஒரு சாணுக்குக் குறையாமல் வளரக்கூடியது, பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது. நான் அதற்குக் கொடுத்தது நான்கு நாள். இத்தாலியில் மோன்சா நகரம் 2004-இலும் ரோம் நகரம் 2005-இலும் உருண்டைக் கிண்ணத்தில் மீன் வைக்கவே கூடாது என்று விதி போட்டிருக்கின்றன. படித்தபோது வெட்கமாக இருந்தது.

"மீனுக்கு வலிக்குமா என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். லின் ஸ்னெட்டன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஸ்காட்லாந்தில் செய்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. டிரவுட் மீன்களின் உதட்டில் எரிச்சலூட்டும் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்த மீன்கள் உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன, ஆடி ஆடி நின்றன, மணிக்கணக்கில் தீனியைத் தொடவில்லை. எனக்கு அது போதும்.

மறுநாள் பாப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். "ஆமா பாப்பா. நாமதான் கொன்னோம். தெரியாமக் கொன்னுட்டோம்." அவள் ராத்திரி முழுக்க அழுதாள். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு வைத்துத் திட்டினார். நான் எதிர்பார்த்த திட்டு இல்லை அது. "ஏன்டா உண்மையச் சொன்னே"ன்னு கேட்பார் என்று நினைத்தேன்.

"நாமளா? அவ எட்டு வயசுப் புள்ள. வாங்கினது நீ, தண்ணி ஊத்தினது நீ. நான் கேட்டப்போ 'மீன்தானே'ன்னு சொன்னது நீ. உன் பாவத்துல பாதிய அவ தலையில ஏன் வைக்கிறே?"

எனக்குப் பதில் இல்லை. உண்மையைச் சொல்கிறேன் என்ற நினைப்பிலேயே பழியைப் பங்கு போட்டிருக்கிறேன். "நாம்" என்பது நல்ல சொல்தான். ஆனால் பெரியவன் தப்பு செய்துவிட்டு அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடிகிறது. பாப்பாவிடம் போய் மாற்றிச் சொன்னேன். "நீ இல்ல பாப்பா. மாமா. மாமா கேட்டுத் தெரிஞ்சிருக்கணும், கேக்கல."

"தெரியாமல்" என்ற சொல்லும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மனுநீதிச் சோழன் கதையைச் சேக்கிழார் பெரிய புராணத்தின் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறார். திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்று ஓடி விழுந்தது. அவன் பார்க்கவில்லை, வேண்டுமென்று செய்யவில்லை. பிராயச்சித்தம் செய்தால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். அரசன் ஒப்பவில்லை. அதனால் அந்தத் தாய்ப்பசுவின் துயர் தீருமா என்பதுதான் அவனுடைய கேள்வி. தண்டனையை விடுங்கள், அது அந்தக் காலத்து நியாயம். அந்தக் கேள்வி மட்டும் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

தெரியாமல் செய்வதிலும் இரண்டு வகை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இருட்டில் எறும்பை மிதிப்பது ஒன்று. அதை யாராலும் முழுக்கத் தவிர்க்க முடியாது. மற்றொன்று, தெரிந்துகொள்ள வழி கைப்பேசியிலேயே இருந்தும், அக்கா கேட்டும், "மீன்தானே" என்று அலட்சியமாக இருந்தது. அந்த அலட்சியத்துக்கு அறியாமை என்று பெயர் வைத்தால் அறியாமைக்கே அவமானம். என் குற்றம் மீன் வாங்கிய இடத்தில்கூட இல்லை, அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

இயக்கத்தில் என்னோடு இருக்கும் சைவ நண்பர் ஒருவர் இன்னும் கடுமையாகச் சொன்னார். "கண்ணாடிக்குள்ள ஓர் உயிர அடைச்சு வச்சுட்டு என்ன தர்மம் பேசுறீங்க? வளர்க்காம இருக்கிறதுதான் தர்மம்." இதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. நான் இரண்டு மீன் வாங்கினால் கடைக்காரர் மறுபடி இரண்டு கொண்டுவந்து வைப்பார் என்பது உண்மை. இதற்கு முழுப் பதில் என்னிடம் இன்றைக்கும் கிடையாது. இன்னொருவர் வேறு மாதிரி கிண்டல் செய்தார்: "புரட்டாசி முடிஞ்சதும் மீன் குழம்பு சாப்பிடப் போறவனுக்கு இவ்வளவு யோசனையா?" நியாயமான கிண்டல்தான். நான் மீன் சாப்பிடுகிறவன். ஆனால் ஒரு விஷயத்தில் நாம் சுத்தமாக இல்லை என்பதால் மற்றொன்றில் அழுக்காகவே இருக்கலாம் என்று ஆகிவிடாதே.

பாப்பா அதற்குள் ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தாள். "மாமா, மறுபடி வாங்கலாம். வளர்த்துட்டு பெரிசானதும் ஆத்துல விட்டுடலாம். ராஜா மாதிரி." எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஆறு. மஸ்ஜித் ஜாமெக் பின்னால் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேருகிற இடம். கோலாலம்பூர் என்ற பெயர் வந்ததே அங்கேதான்.

நம்மில் பலருக்கு "விட்டுவிடுவது" என்றாலே புண்ணியம் மாதிரித் தெரிகிறது. இக்கான் பண்டாராயாவைப் பாருங்கள். தென் அமெரிக்க மீன். தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று வாங்குவார்கள். அடி கணக்கில் வளரும், தொட்டி போதாது. பாவம் என்று சொல்லி ஆற்றில் விட்டார்கள். இன்றைக்குக் கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் அதுதான் குடும்பம் குடும்பமாக இருக்கிறது. உடம்பெல்லாம் கவசம், அதைத் தின்ன இங்கே பெரிதாக எதிரி இல்லை. கரையில் குழி தோண்டி முட்டையிடுகிறது, கரை சரிகிறது. நம் ஊர் மீன்களுக்கு இடம் குறைகிறது. இப்போது ஆட்கள் கூட்டமாக இறங்கி அதைப் பிடித்து அழிக்கிறார்கள். ஒருவருடைய கருணை, பல வருஷம் கழித்து இன்னொருவர் கையில் கொலையாக முடிந்திருக்கிறது.

சத்தியவிரதன் கதையை நான் மறுபடி படித்தது இந்த இடத்தில்தான். ரயிலில் சொன்னபோது எனக்கே படாத ஒன்று பட்டது. அரசன் முதலில் செய்ய நினைத்ததே ஆற்றில் விடுவதுதான். மீன் வேண்டாம் என்றது. கடைசியில் கடலில் விடும்போதும், இங்கே பெரிய மகர மீன்கள் என்னைத் தின்றுவிடுமே, என்னை விடாதே என்றுதான் சொல்கிறது. கையில் எடுத்த பிறகு அந்த அரசனுக்கு ஓய்வே இல்லை. கமண்டலத்தில் போட்டதோடு கருணை முடிந்துவிட்டது என்று அவன் தூங்கப் போனான், விடிந்ததும் மீன், எனக்கு இடம் பத்தவில்லை என்றது. ஒவ்வொரு முறையும் அவன் கேட்டான், ஒவ்வொரு முறையும் மாற்றினான். அவனுடைய மீன் வாய் திறந்து சொன்னது. நம்முடையது சொல்லாது.

அதனால் சோதனைக் குப்பி வாங்கினேன். தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக நின்றால் அம்மோனியா இல்லை, பச்சை ஆனால் இருக்கிறது. இரண்டடித் தொட்டி, ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம். ஐம்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும், தண்ணீர் மட்டுமே ஐம்பது கிலோவுக்கு மேல். அதனால் பழைய டிவி மேசையை நம்பாமல் இரும்பு ஸ்டாண்டு. ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், ஆன்டி குளோரின், கொஞ்சம் செடி. நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் தேவையில்லை. மீன் மட்டும் இல்லை.

மீன் இல்லாத தொட்டிக்கு தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டோம். அது அழுகி அம்மோனியா வரவேண்டும், அதைத் தின்ன நுண்ணுயிர் வரவேண்டும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு பாய், "என்ன தம்பி, தண்ணிய வளர்க்கிறீங்களா?" என்றார். ஆமாம் பாய் என்றேன். வேறென்ன சொல்வது, அதுதானே செய்துகொண்டிருந்தோம்.

பாப்பா காலண்டரில் கட்டம் போட்டு ஒவ்வொரு நாளும் கலர் பென்சிலால் தீட்டினாள். மஞ்சள், வெளிர் பச்சை, பச்சை, பச்சை, பச்சை. மூன்றாவது வாரம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரே ஒரு மீன் மாமா. சின்னது" என்று கெஞ்சினாள். எனக்கும் ஆசைதான். வாங்கியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த வாரம் கட்டத்தில் அவளே பச்சை தீட்டிவிட்டு, "இன்னிக்கு விட்டிருந்தா செத்திருக்கும்ல?" என்றாள். பிறகு கேட்கவில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மோனியா மஞ்சளிலும் நைட்ரைட் நீலத்திலும் தொடர்ந்து நின்றன. பாதித் தண்ணீரை மாற்றினோம். மஸ்ஜித் இந்தியா முழுக்கப் பந்தல் கடைகளும் துணி வாங்கும் கூட்டமும். அதற்குள் நீந்தித்தான் மீன் பையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஹார்லெக்வின் ரஸ்போரா, ஆறு. வால் பக்கம் கறுப்பு முக்கோணம் போட்ட செம்பு நிற மீன். வளர்ந்தாலும் ஐந்து சென்டிமீட்டர்தான். நம் தீபகற்பத்துக் காட்டோடைகளில் இருக்கும் இனம். கூட்டமாக இருந்தால்தான் அதற்குப் பயம் இருக்காது என்பதால் ஆறு. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தோம், உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர. பாப்பாதான் வலையைப் பிடித்தாள். ஐந்து செடிக்குள் ஓடிவிட்டன. ஒன்று மட்டும் கண்ணாடி ஓரம் நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது.

தீபாவளிக்கு நான்கு நாள் ஈப்போவில் பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பாப்பா ஒரு தாளில் எழுதி, சாவியோடு பாய் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். நானும் பார்த்தேன், பெரிய பெரிய எழுத்தில்: "பாய் மாமா, ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை மட்டும். பசிக்குதுன்னு வாயத் தொறக்கும். நம்பாதீங்க."