குலுக்கலில் வந்த இடம்

"ஹஜ்ரத், பாப்பாவுக்குக் குலுக்கலில் பேர் வந்துவிட்டது. இது அல்லாஹ் கொடுத்ததுதானே?"

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், மண்ணரையில் அஸர் தொழுகை முடிந்து அமர்ந்திருந்தபோது ஒரு சகோதரர் நம்மிடம் இப்படிக் கேட்டார். பனியன் கம்பெனியில் பவர் டேபிள் ஓட்டுபவர். கையில் மிட்டாய்ப் பெட்டி. ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. தமக்குச் சாதகமாக ஒரு சாட்சி தேடுபவர் போலத்தான் கேட்டார்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. தனியார் பள்ளிகள் தம் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிவுற்ற, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை அவர்களுக்கான கட்டணத்தை அரசு ஈடு செய்யும். (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக நம் சமுதாயப் பள்ளிகள் ஏழைக்குக் கதவடைக்கலாமா என்பது தனியே பேச வேண்டிய விஷயம்.) பெற்றோர் அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்துப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கலாம். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடக்கும்.

நம் சகோதரரின் வீடு அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் தாம் வாடகைக்கு இருப்பதாக ஓர் ஒப்பந்தப் பத்திரம் எழுதி, அதைக் காட்டி விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பத்திரத்தை நம்மிடமும் காட்டினார் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். அன்று நாம் "அல்லாஹ் நல்லதைச் செய்வான்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் திறக்கவில்லை.

அவருடன் கட்டிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு மாற்று மதச் சகோதரர், அந்தப் பள்ளிக்கு அடுத்த தெருவிலேயே குடியிருப்பவர். அவர் மகனும் அதே குலுக்கலில் இருந்தான். பெயர் வரவில்லை. அதன் பிறகுதான் நம்மவருக்கு உறக்கம் போயிற்று.

சீட்டுக் குலுக்குவது சூதாட்டமல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். அல்ல. சூதில் ஒருவன் தன் பொருளைப் பணயம் வைத்துப் பிறன் பொருளை அடைகிறான். அல்மாயிதா அத்தியாயம் தடுப்பது அந்தச் சூதையும், அம்புகளால் குறி கேட்பதையும்தான். மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதற்கு எழுதுகோல்களைப் போட்டுப் பார்த்ததை ஆலு இம்ரான் அத்தியாயம் சொல்கிறது. யூனுஸ் (அலை) அவர்கள் கப்பலில் சீட்டில் கலந்துகொண்டதை அஸ்ஸாஃப்பாத் அத்தியாயம் சொல்கிறது. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் மனைவியரிடையே சீட்டுப் போட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது.

இவ்விடத்தில் நம் ஹனஃபி மத்ஹபின் இமாம்கள் செய்த ஒரு நுட்பமான விளக்கத்தைக் கவனிக்க வேண்டும். சீட்டு எவருக்கும் புதிதாக ஹக்கை உண்டாக்குவதில்லை. முன்பே சமமான உரிமையுடையவர்களிடையே மனக்கசப்பு வராதிருக்க, பாரபட்சம் என்ற சந்தேகம் எழாதிருக்க அது பயன்படுகிறது, அவ்வளவுதான். சிங்கப்பூரின் ஏற்பாடும் இவ்விளக்கத்துக்குப் பொருந்துகிறது. தென்காசி, கடையநல்லூர்ப் பகுதிகளிலிருந்து சென்று அங்கே நிலைத்துவிட்ட நம்மவரின் பிள்ளைகளும் ஆறாம் வகுப்பின் முடிவில் அரசுத் தேர்வு எழுதி, விரும்பும் உயர்நிலைப் பள்ளிகள் ஆறை வரிசைப்படுத்திக் கொடுக்கிறார்கள். மதிப்பெண்படி இடம் ஒதுக்கப்படும். கடைசி இடத்துக்குச் சம மதிப்பெண்ணோடு பலர் நின்றால், 2021 முதல் உள்ள முறைப்படி முதலில் குடியுரிமை, பிறகு விருப்ப வரிசை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அதிலும் சமமானால்தான் கணினிக் குலுக்கல். ஆகச் சமமானவர்கள் என்று தெரிந்த பிறகே சீட்டு வருகிறது.

ஆகவே சீட்டுக்குள் நுழையும் முன்பே உரிமை இருந்தாக வேண்டும். உரிமையில்லாதவன் சீட்டில் கலந்து, அவன் பெயர் வந்தாலும் அந்த இடம் அவனுக்குரியதாகிவிடாது. "அல்லாஹ் கொடுத்தான்" என்று அவன் சொல்வது, திருடியவன் பூட்டு எளிதில் திறந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்வது போன்றது. தக்தீரை நம்ப வேண்டும். நம் பொய்க்கு அதை ஜாமீனாக நிறுத்தக் கூடாது.

அபூதாவூதில் ஒரு சம்பவம் உண்டு. பழைய வாரிசுச் சொத்து பற்றிச் சாட்சியில்லாமல் வழக்காடிய இருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். ஒருவன் வாதத் திறமையால் தன் சகோதரனின் உரிமையைத் தம் தீர்ப்பின் மூலம் பெற்றுக்கொண்டால், தாம் அவனுக்கு வெட்டிக் கொடுப்பது நெருப்புத் துண்டுதான் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். இருவரும் அழுது, என் பங்கு உனக்கே என்றார்கள். அதன் பின்னரே, நேர்மையை நாடிப் பங்கிட்டு, சீட்டுப் போட்டு, ஒருவருக்கொருவர் ஹலாலாக்கிக் கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். முதலில் நேர்மை, பிறகே சீட்டு. நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காதென்றால் கண்ணாடிக் குடுவையிலிருந்து எடுத்த துண்டுக் காகிதம் ஆக்குமா?

"பாப்பா என்ன பாவம் செய்தாள், ஹஜ்ரத்?" என்றார் அவர். நமக்கு உடனே பதில் வரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் மிஷினில் குனிந்து கிடக்கும் ஒரு அத்தா, மகளாவது நிமிரட்டும் என்று ஆசைப்பட்டதை எந்த ஆலிமும் இகழ முடியாது. ஆனால் அடுத்த தெருப் பையனும் பாவம் செய்யவில்லை. பிறர் உரிமை சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு வாயளவு தவ்பா போதாது. திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்தாக வேண்டும். காத்திருப்போர் பட்டியல் அப்போது உயிரோடிருந்தது. ஓரிரு மாதம் கடந்திருந்தால் யாரிடம் கொடுப்பது என்றே தெரியாமல் போயிருக்கும். "இன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பாய்" என்றோம். நம் ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால் கப்ராகிய மண்ணறை வந்துவிடுகிறது என்று பயானில் நாம் அடிக்கடி சொல்வதுண்டு. அன்று அதைச் சொல்ல நாவு எழவில்லை.

எழுந்தவர் திரும்பி நின்று கேட்டார்: "உங்க பையன் எந்த ஸ்கூல் ஹஜ்ரத்? எப்படி இடம் கிடைத்தது?"

நம் மூத்த மகன் கட்டணம் கட்டித்தான் படிக்கிறான். அது ஏழைக்கென ஒதுக்கிய இடமல்ல; பொய்ப் பத்திரமும் இல்லை. ஆனால் ஜமாஅத்தார் ஒருவர் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னதால், வரிசையில் நின்றவர்களைத் தாண்டிக் கிடைத்த இடம் அது. நல்ல சிபாரிசுக்கும் தீய சிபாரிசுக்கும் அதனதன் பங்கு உண்டு என்று அன்னிஸா அத்தியாயத்தை விளக்கிப் பாடம் நடத்தும் நாம், இதை அந்தக் கணம் வரை எண்ணிப் பார்க்கவில்லை. இருந்ததை அவரிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மிட்டாய்ப் பெட்டி பள்ளிவாசல் திண்ணையிலேயே கிடந்தது.

அவர் என்ன செய்தார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவருக்கும் அவர் ரப்புக்கும் இடையிலுள்ளது. அடுத்த ஆண்டு நம் இளைய மகனுக்காக யாரும் பேச வேண்டாமென்று ஜமாஅத்தாரிடம் சொல்லிவிட்டு, விண்ணப்பப் படிவத்துக்கு வரிசையில் நின்றோம். இடம் கிடைக்கவில்லை. வீட்டருகே உள்ள அரசுப் பள்ளியில் படிக்கிறான்.