பெருமாள் போன பாதை

2018ஆம் ஆண்டுக் கடைசியில், வந்தவாசி பக்கத்துக் கொரக்கோட்டையில் வெட்டிய ஒற்றைக்கல் பெருமாள் பெங்களூருக்குப் புறப்பட்டார். படுத்தபடியேதான் பிரயாணம். வண்டிக்கு 240 சக்கரங்கள்.

இத்தனை சக்கரம் எதற்கு? ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் எவ்வளவு அழுந்துகிறது என்பதுதான் சாலைக்குக் கணக்கு. பங்கிட்டுக் கொடுத்தால் தாங்கிக்கொள்ளும். பாலத்தின் சங்கதி வேறு. இரண்டு தூண்களுக்கு நடுவே வந்து நிற்கும் பாரம் முழுவதையும் அது ஒருங்கே சுமந்தாக வேண்டும். அதனால் ஓசூர் அருகே தென்பெண்ணை ஆற்றுக்குள் மண்பாதை போட்டார்கள். வெள்ளம் அதையும் கரைத்துக்கொண்டு போயிற்று. பெருமாள் காத்திருந்தார். 2019 ஜூனில்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்.

என் மனத்தை உறுத்துவது இதுவல்ல. செஞ்சி முதலான ஊர்களில் வண்டி போக இடம் போதாமல் கடைகளையும் வீடுகளையும் இடித்தார்கள். நஷ்டஈடு கொடுத்தார்கள், வாஸ்தவம். ஆனால் பெருமாளுக்கு என்று வந்து கேட்டால், தெருவே பார்த்துக்கொண்டு நிற்கையில், மாட்டேன் என்று எவன் சொல்வான்? அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

திருவாரூர்த் தேரும் லேசானதல்ல. ஆனால் அதற்கென்றே விட்ட வீதியில் அது போகிறது. வடம் பிடிக்கிறவனுக்கு அது தன் ஊர்த் தேர். செஞ்சிக் கடைக்காரனுக்கோ இவர் வேற்றூர்ப் பெருமாள்.

அவன் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். வண்டி கடக்கும்போது கன்னத்திலும் போட்டுக்கொண்டிருப்பேன். அப்புறம் பாதிச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து என்ன நினைத்திருப்பேன் என்பதுதான் தெரியவில்லை.