பட்டியலின் பற்றுப் பக்கம்

குத்துச்சண்டை பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு விபரீதமாகப் படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தரம் பிரிப்பது பற்றி நாம் வருஷக்கணக்காகச் சண்டையிட்டு வந்திருக்கிறோம். தரம் பிரிக்கப்படுகிறவன் நிஜமாகவே அடி வாங்குகிற ஒரு துறையில் அந்தக் காரியம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதில் நமக்கு லாபம் உண்டு. எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரன் யார்? டீக்கடைக் கேள்வி போல இருக்கிறது. ஆனால் பதில் சொல்லத் தொடங்கியதும் நியாய அநியாயம் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

'தி ரிங்' பத்திரிகையை 1922இல் தொடங்கிய நாட் ஃப்ளெய்ஷர் 1958இல் ஒரு பட்டியல் போட்டார். ஜாக் ஜான்ஸன் முதல், ஜிம் ஜெஃப்ரீஸ் இரண்டு. 1937லிருந்து 1949 வரை பட்டத்தை வைத்திருந்து 25 முறை அதைக் காத்த ஜோ லூயிஸ் ஆறாவது. 49 சண்டைகளில் ஒன்றுகூடத் தோற்காமல் 1956இல் விலகிய ராக்கி மார்சியானோ பத்தாவது. ஃப்ளெய்ஷர் 1887இல் பிறந்தவர் என்பதைச் சேர்த்துப் படித்தால் பட்டியல் விளங்கிவிடும். அவருடைய வாலிபத்தில் மேடையை ஆண்டவர்கள் உச்சியில் இருக்கிறார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தமிழில் பட்டியல் விமர்சனம் என்றால் க.நா.சு.வைக் கேலி செய்வது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அவர் பட்டியல் போட்டது சரி என்பதே என் கட்சி. ரசனையைப் பகிரங்கமாகச் சொல்லி மாட்டிக்கொள்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. எல்லோரும் அவரவர் வகையில் சிறந்தவர்கள்தான் என்று நழுவுகிறவனிடம் அது கிடையாது.

இந்த ரசனைத் தொல்லையே வேண்டாம் என்று யந்திரத்திடம் போனவர்களும் உண்டு. 1967இல் மர்ரி வோரனர் என்ற அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் பழைய சாம்பியன்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, அவர்களுக்குள் கற்பனைப் போட்டிகள் நடத்தி ஒலிபரப்பினார். ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்ட முகமது அலி வழக்குப் போட்டார். அந்த விவகாரம் ஒரு சினிமாவில் போய் முடிந்தது. வியட்நாம் யுத்தத்துக்கான ராணுவ சேர்க்கையை மறுத்ததால் பட்டமும் உரிமமும் பறிபோய், நிஜச் சண்டை எதுவும் போட முடியாதிருந்த அலியும், ஓய்வுபெற்று 13 ஆண்டுகளாகியிருந்த மார்சியானோவும் 1969இல் மயாமியில் ஒரு ஸ்டூடியோவில் காமிராவுக்காகக் குத்திக்கொண்டார்கள். மார்சியானோ உடம்பை இளைக்க வைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில் விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டிய படத்தில் 13ஆவது சுற்றில் மார்சியானோ ஜெயிக்கிறார். அலி ஜெயிக்கிற முடிவும் படமாக்கப்பட்டிருந்தது. யந்திரத்தின் புறவயத்தன்மை இவ்வளவுதான். எந்த ஊரில் எந்த முடிவு விலை போகும் என்பதை அதற்கு யாரோ சொல்லித்தர வேண்டியிருந்தது.

மார்சியானோவின் 49 என்ற எண்ணைக் காட்டி வாயடைப்பவர்கள் உண்டு. அவர் எடை சுமார் 185 பவுண்டு. 2020இல் டியான்டே வைல்டரை வீழ்த்தியபோது டைசன் ஃப்யூரி 273 பவுண்டு. இன்றைய விதிப்படி மார்சியானோ ஹெவிவெயிட்டே அல்ல, க்ரூஸர்வெயிட். இந்த இருவரையும் ஒரே மேடையில் ஏற்றினால் யார் ஜெயிப்பார் என்று கேட்பது உடல் அளவைப் பற்றிய கேள்வி. மேன்மை பற்றியது அல்ல. அவனவன் காலத்தில் கிடைத்த எதிரிகளை என்ன செய்தான் என்று பார்ப்பதுதான் நியாயம் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரிகள் யார் என்பதைத் தீர்மானித்தது யார்?

1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று ஜான்ஸன் முதல் கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியனானார். வெள்ளை இனத்தின் மானத்தைக் காக்க ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்ட ஜெஃப்ரீஸை 1910 ஜூலை 4இல் ரீனோவில் அவர் வீழ்த்தியபோது அமெரிக்க நகரங்களில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. 1913இல் மான் சட்டத்தின் கீழ் அவருக்குத் தண்டனை. மன்னிப்பு வழங்கப்பட்டது 2018இல், அவர் இறந்து 72 வருஷம் கழித்து. இதெல்லாம் தெரிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாதது, சாம்பியனான பிறகு ஸாம் லாங்ஃபோர்டுக்கு ஜான்ஸன் ஒரு வாய்ப்புக்கூடத் தரவில்லை என்பது. கறுப்பன் கறுப்பனோடு மோதினால் கூட்டம் வராது, பணம் வராது என்பது அன்றைய கணக்கு. பின்னால் 1919லிருந்து 1926 வரை சாம்பியனாயிருந்த ஜாக் டெம்ப்ஸியோடு மோத ஹாரி வில்ஸ் காத்துக் காத்து ஓய்ந்துபோனார். லாங்ஃபோர்ட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஒரு தடவைகூட மோதாமலேயே கண்பார்வையை இழந்தார். 1944இல் ஒரு நிருபர் ஹார்லெமில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது குருடராய், கையில் காசில்லாமல் இருந்தார். க்யூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்ஸன் விஷயம் வேறு. 1972, 1976, 1980 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், தொழில்முறைச் சண்டைக்கு வந்த பணத்தை வேண்டாம் என்றார். பட்டியல்காரர்களுக்கு அவர் ஜென்மமே எடுக்கவில்லை.

நான் வங்கியில் பேரேடு எழுதிப் பிழைப்பவன். வவுச்சர் இல்லாத பதிவைப் பார்த்தால் கை நின்றுவிடும். 1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டித் தொடர் ஒன்றில், தகுதி காட்டுவதற்காகச் சிலருக்கு நடக்காத சண்டைகளை நடந்ததாக 'ரிங்' ஆண்டுப் பதிவேட்டில் எழுதியிருந்தது அம்பலமாகி, தொடரே நிறுத்தப்பட்டது. இந்த மோசடி சுலபமானது, கண்டுபிடித்துவிடலாம். எனக்கு அதைவிடத் தொந்தரவு தருவது முழுக்க உண்மையான ஒரு பதிவு.

1975 அக்டோபர் 1, மணிலா. அலியும் ஜோ ஃப்ரேஸியரும் மூன்றாவது முறை மோதினார்கள். காலை நேரம், தாங்க முடியாத புழுக்கம். 14 சுற்றுக்குப் பிறகு ஃப்ரேஸியரின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் போதும் என்று நிறுத்தினார். சாவுக்கு அவ்வளவு பக்கத்தில் தான் போனதில்லை என்று பின்னால் அலியே சொன்னார். அலியை முதலிடத்தில் வைக்கிற எவரும் மணிலாவைச் சாட்சியாக அழைக்காமல் இருப்பதில்லை. இரட்டைப் பதிவு முறையில் ஒரு வரவு எழுதினால் எங்கோ ஒரு பற்று எழுதியாக வேண்டும். மணிலாவின் வரவு அலியின் பெயரில் இருக்கிறது. பற்று யார் பெயரில்? மணிலாவுக்குப் பிறகும் பத்துச் சண்டைகள். 1980இல் தன்னிடம் பயிற்சிக் கூட்டாளியாயிருந்த லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்று வாங்கினார். 1984இல் பார்க்கின்ஸன் நோய்க்குறிகள் என்று கண்டறிந்தார்கள். எந்த அடிக்கு எவ்வளவு பங்கு என்று எந்த மருத்துவரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நாம் மேன்மை என்று எண்ணுகிற அதே நிமிஷங்கள்தான் அந்த உடம்பிலிருந்து கழிக்கப்பட்டிருக்கின்றன. பார்த்தவர்கள் கேட்டது அதைத்தான். பட்டியல் கேட்பதும் அதைத்தான்.

அலியின் விஷயத்தில் இன்னொரு சிக்கல். ராணுவ மறுப்பால் 25 வயதிலிருந்து 28 வரையிலான ஆண்டுகள் அவருக்குப் போயின. அந்த மறுப்பை அவருடைய மேன்மையில் சேர்க்கிறவர்கள் பலர். நானும்தான். சேர்த்தால், அந்த நாட்களில் தனக்கு உதவிய ஃப்ரேஸியரைக் கொரில்லா என்று ஊர் ஊராகச் சொல்லி, ரப்பர் பொம்மையைக் குத்திக் காட்டிக் கேலி செய்ததையும் கழித்தாக வேண்டும். ஒரு கறுப்பு மனிதனை இன்னொரு கறுப்பு மனிதன் அந்த வார்த்தையால் அழைத்து டிக்கெட் விற்றான். மேடைக்கு வெளியே நடந்தது கணக்கில் வராது என்று தூய கலைவாதிபோல் சொன்னால் இரண்டையும் விட்டுவிட வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவது கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த பழைய வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு ஒரு பட்டியல் உண்டு. அலி, லூயிஸ், ஜான்ஸன், லாங்ஃபோர்ட். பட்டமே இல்லாதவனுக்கு நாலாவது இடமா என்று கேட்கும் நண்பர்களிடம், பட்டம் அவரிடமிருந்து ஒளித்துவைக்கப்பட்டது, அந்தப் பற்றை வேறெங்கே எழுதச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறேன். அலியின் முதலிடத்துக்கு 1964இன் லிஸ்டனும் 1966இன் க்ளீவ்லண்ட் வில்லியம்ஸும் 1974இல் கின்ஷாஸாவில் ஃபோர்மனும் போதும். மணிலாவை அவர் வரவில் நான் எழுதவில்லை. 15ஆவது சுற்றுக்கும் எழுந்து போக நின்ற ஃப்ரேஸியர் பெயரில் எழுதவும் மனம் வரவில்லை. நிறுத்தியவர் ஃபட்ச். டெட்ராய்ட்டில் இளம் வயதில் ஜோ லூயிஸோடு பயிற்சிச் சண்டை போட்ட சின்ன உருவ மனிதர். எந்த ஹெவிவெயிட் பட்டியலிலும் அவர் பெயர் வராது.