வானம் தோண்டிய வீடு



ஆகஸ்டு தேர்பவனி அன்று கொடைக்கானலின் இந்தச் சலேத் மாதா கோயிலில் நிற்க இடமில்லை. இன்று பெஞ்சுகள் காலி. குறையாகச் சொல்லவில்லை. பூண்டுக் காட்டுக்கும் லாட்ஜ் வேலைக்கும் ஞாயிறு தெரியாது. ஆனால் சலேத் மாதா காட்சி தந்தது செப்டம்பர் 19இல். அதையொட்டி வரும் ஞாயிறு இது.

ஆண்டு 1846. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் சலேத் என்ற சிற்றூர். மாடு மேய்க்கப் போன இரண்டு பிள்ளைகள், மெலானிக்கு வயது 14, மாக்சிமினுக்கு 11. கல்மேல் உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்து அழுத ஒரு அம்மாவைக் கண்டார்கள். அவர் பிரெஞ்சில் பேசினார். பேச்சில் உருளைக்கிழங்கு வந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல் மலைப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. மெலானி விழிக்க, மாதா உடனே அந்த ஊர்ப் பேச்சுக்கு மாறிக்கொண்டார். விண்ணக அரசி ஒரு கிழங்குக்காகப் பாஷையை மாற்றினார்! மன்னவனூரில் கிழங்கு போட்டு நஷ்டப்பட்டவருக்கு இது எங்கோ நடந்த கதையாகத் தோன்றாது.

நன்றாக ஜெபிக்கிறீர்களா என்று கேட்டார். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை: பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். மாதா நீண்ட நவநாள் எதையும் சுமத்தவில்லை. நேரமில்லையென்றால் காலையிலும் இரவிலும் ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறை மந்திரம் போதும். முடியும்போது கூடுதலாகச் சொல்லுங்கள் என்றார்.

நம் கொத்தனார்கள் அஸ்திவாரக் குழி எடுப்பதை 'வானம் தோண்டுவது' என்பார்கள். வீட்டுக்காரர் வாசல் கதவைப் பற்றிப் பேசுவார். கொத்தனார் வானத்தைப் பற்றிப் பேசுவார். லூக்கா நற்செய்தி 6ஆம் அதிகாரத்திலும் ஆண்டவர் சொல்லும் உவமையில் வீடு கட்டும் மனிதர் ஆழமாகத் தோண்டிப் பாறையைத் தொட்ட பிறகே கட்டுகிறார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மண்ணும் மரமும் சாலையில் சரிந்து கிடந்ததைப் பார்த்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். அந்தக் காலை, இரவு ஜெபங்கள்தான் நாம் எடுக்கும் குழி. யாரும் பார்க்காத வேலை.

1866இல் இயேசு சபைக் குரு லூயி சென்சீர் இந்த மலையில் சலேத் மாதாவுக்குக் கோயில் கட்டினார். சலேத் காட்சியை நம்பியே தீரவேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை; 1851இல் கிரெனோபிள் ஆயர் நம்பத்தக்கது என்று அறிவித்தார், அவ்வளவுதான். எனக்கோ காட்சியைவிட மாக்சிமினின் அப்பா முக்கியமாகப் படுகிறார்.

கோயில் பக்கம் போகாத மனிதர். ஒருமுறை மகனோடு வயலுக்குப் போனபோது, கெட்டுப்போன கோதுமைக் கதிரைக் கையில் கசக்கிப் பார்த்தார், தூளாய் உதிர்ந்தது. வீடு திரும்பும் வழியில் மகனிடம் ஒரு ரொட்டித் துண்டைக் கொடுத்து, அடுத்த வருஷம் யார் சாப்பிடுவார்களோ என்று சலித்துக்கொண்டார். மகன் அதை மறந்தே போனான். மாதா அதை நினைவூட்டினார். மகன் வந்து சொன்னதும் அப்பா ஆடிப்போனார். தர்க்கம் எதுவும் அவரை மாற்றவில்லை. தன் ரொட்டியைப் பற்றி மேலே தெரிந்திருக்கிறது என்பதே அவரைக் கோயிலுக்குக் கொண்டுவந்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு ரொட்டித் துண்டு இருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவிலோ, விலை போகாத மூட்டைகளுக்கு நடுவிலோ. ஒரு நிமிடம் மௌனமாக அதைத் தேடுங்கள்.

இனி எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்வோம். அதில் 'நம்புகிறேன்' என்று ஒருமையில்தான் வருகிறது, கவனித்துச் சொல்லுங்கள்.