ஒரு கிலோ வீடு

உங்கள் வீட்டின் எடை என்ன என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? சதுர அடி தெரியும். மாதத் தவணை நன்றாகவே தெரியும். எடை?

அமெரிக்காவில் மலைப்பாதைகளில் மாதக்கணக்கில் நடக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்குத் தங்கள் வீட்டின் எடை கிராம் சுத்தமாகத் தெரியும். காரணம், அதை அவர்களே தைத்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, முதுகில் சுமக்கிறார்கள். எடையைக் குறைக்க டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து எறிகிறவர்கள்கூட உண்டு. சிரிக்காதீர்கள், நிஜம்!

அந்த வீடு வேறொன்றும் இல்லை, இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்குகிற ஒரு துணி. மூன்றேகால் மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்தில் மெல்லிய நைலான். இரண்டு முனைகளையும் கொசுவிக் கட்டினால் படுக்கை ரெடி. அட, நம்ம ஊர்த் தூளிதானே என்பீர்கள். அதேதான். அம்மாவின் பழைய புடவைக்குப் பதில் நைலான், குழந்தைக்குப் பதில் 70 கிலோ ஆசாமி. தலைக்கு மேலே ஒரு கயிறு, அதிலிருந்து கொசுவலை, அதற்கும் மேலே சிலிக்கான் பூசிய துணியில் கூரை. மொத்தமும் ஒரே பைக்குள். வீட்டுத் தையல் மெஷினே போதும். எடை ஒரு கிலோவை ஒட்டி வரும்.

தைப்பதில் பெரிய கஷ்டமில்லை. கட்டுவதில்தான் இருக்கிறது விஷயம். புதிதாகக் கட்டுகிறவர் எல்லோரும் கயிற்றை விறைப்பாக இழுத்துத்தான் கட்டுவார்கள், அப்போதுதான் பத்திரம் என்று. கணக்கு வேறு மாதிரி. கயிறு 30 டிகிரி சாய்வில் தொய்ந்திருந்தால், 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு கயிற்றிலும் 70 கிலோ இழுவைதான். அதையே 5 டிகிரிக்கு விறைத்துக் கட்டினால் இழுவை சுமார் 400 கிலோ! முதலில் அறுவது எது என்பதுதான் கேள்வி, கயிறா, துணியா, உங்கள் இடுப்பா? தொய்வாகக் கட்டி, அதில் கொஞ்சம் குறுக்காகப் படுத்தால், முதுகு கிட்டத்தட்ட நேராகவே இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் மரத்திலிருந்து கயிறு வழியாக ஓடிவந்து நேராகப் படுக்கைக்குள் இறங்கும். அதற்கு மருந்து, கயிற்றில் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்க விடுவது. தண்ணீர் நூல் வழியே கீழே சொட்டிவிடும். இதற்கு எடையே கிடையாது.

சரி, இவ்வளவு மெனக்கெட்டு எதற்கு எடையைக் குறைக்க வேண்டும்? மூட்டையைக் கட்டும்போது நாம் கட்டுவது பொருட்களை அல்ல, பயங்களை. பசித்துவிடுமோ, குளிருமோ, இருட்டுமோ... ஒவ்வொரு 'ஒருவேளை'க்கும் அரைக் கிலோ. ஊருக்குப் போகும்போது உங்கள் சூட்கேஸ் ஏன் மூடுவதில்லை என்று இப்போது புரிகிறதா?

இந்தக் கதையில் ஒரு பாட்டி வருகிறார். எம்மா கேட்வுட். 11 பிள்ளைகளைப் பெற்றவர், கணவனிடம் வருஷக்கணக்கில் அடி வாங்கி விவாகரத்து பெற்றவர். 1954-ல் அப்பலாச்சியன் மலைப்பாதையில் நடக்கப் போய், வழி தவறி, கண்ணாடியும் உடைந்து திரும்பினார். 1955-ல், 67 வயதில், பிள்ளைகளிடம் சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பி, 3,200 கிலோமீட்டருக்கு மேல் தனியாக நடந்து முடித்தார். காலில் கான்வாஸ் ஷூ. தோளில் ஜீன்ஸ் துணியில் தானே தைத்த பை. கூடாரம் கிடையாது, மழைக்குக் குளியலறையில் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் திரை. மொத்தச் சுமை ஒன்பது கிலோவுக்குள்.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு இங்கே ஒரு உறுத்தல். பாட்டி பல இரவுகளில் முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டினார். சிலர் சாப்பாடும் படுக்கையும் கொடுத்தார்கள். சில வீடுகளில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர் சுமக்காமல் விட்ட எடையில் கொஞ்சத்தை அந்த வீட்டுக்காரர்கள் சுமந்திருக்கிறார்கள், இல்லையா? சாமான் எதுவும் வேண்டாம் என்று சொல்கிறவர் பக்கத்தில், வேண்டியதை வைத்திருக்கிற ஒருவர் இருந்தாக வேண்டும். பர்ஸே எடுத்து வராத நண்பர் உங்களுக்கும் இருப்பாரே! எளிமைக்கும் ஓசிக்கும் நடுவே கோடு எங்கே?

பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்கப் பதினோரு பேரைச் சுமந்தவர் ஒரு ராத்திரி அடுத்தவர் திண்ணையில் படுத்தால் கணக்கு சரியாகத்தான் வரும். உறுத்துவது நம்மைப் பற்றித்தான்.

தூளிக் கூடாரத்துக்கும் இதே சங்கடம் உண்டு. கூடாரத்துக்குத் தரை போதும். இதற்கு இரண்டு மரம் வேண்டும், அதுவும் சரியான இடைவெளியில். மரமே இல்லாத மலையுச்சியிலும் பாலைவனத்திலும் இந்த ஒரு கிலோ வீடு வெறும் துணி மூட்டை. உங்கள் எடையை ராத்திரி முழுக்கத் தாங்குவது மரம்தான். மெல்லிய கயிற்றால் கட்டினால் எடை மிச்சம். ஆனால் அது பட்டையை அறுத்துவிடும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் அகலமான நாடாவைத்தான் மரத்தில் சுற்றுகிறார்கள். ஒரு ஜோடி நாடா நூறு கிராம் அளவுக்கு வரும். அதனால் தூக்கம் ஒன்றும் கூடுதல் சுகமாகிவிடாது, மழைக்கும் உதவாது. மரத்துக்கு மட்டும்தான் பிரயோஜனம். டூத் பிரஷ்ஷை அறுத்த அதே ஆசாமி, இந்த நூறு கிராமையும் தராசில் வைத்துப் பார்க்கிறார். கொஞ்சம் யோசிக்கிறார். பிறகு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.