விழுபவனின் விதியும் கட்டுபவனின் கடனும்

புதிதாக வீடு கட்டுகிறவன் அதன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்றும், எழுப்பாமல் விட்டு அங்கிருந்து ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்றும் எபிரேய வேதத்தின் ஐந்தாம் நூலாகிய உபாகமம், 22ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தில் விதிக்கிறது. பழைய இஸ்ரவேலில் வீடுகளின் கூரை தட்டையானது. மர விட்டங்களின்மேல் தழையும் குச்சியும் பரப்பி மண் பூசி அமைத்த அந்தத் தளத்தில் மக்கள் சணல் உலர்த்தினர், பேசியிருந்தனர், கோடையில் படுத்துறங்கினர். எரிகோ நகரத்து ராகாப் இஸ்ரவேலரின் ஒற்றர்களைச் சணல் தட்டைகளுக்குள் ஒளித்து வைத்ததும் இத்தகைய ஒரு மாடியில்தான். வற்றல் காயவைக்கவும் காற்று வாங்கவும் மொட்டை மாடிக்கு ஏறிப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை. விளக்கம் வேண்டுவது, ஒரு செங்கல் வரிசையைப் பற்றிய இந்தச் சிறு கட்டளைக்குள் அடங்கியிருக்கும் பெரிய கேள்வி.

இறைவன் எல்லாவற்றையும் முன்பே அறிந்தவன் என்றால், ஒருவன் மாடியிலிருந்து விழப்போவதையும் அறிந்தவனே. அவ்வாறாயின் அந்த வீழ்ச்சிக்கு வீட்டைக் கட்டியவன் எப்படிப் பொறுப்பாவான்? யூத ஞானியரின் விவாதங்களைத் தொகுத்த பெருநூலாகிய தால்முத், ஓய்வுநாள் சட்டங்களைப் பேசும் சபாத் என்ற பகுதியில் இக்கேள்வியை நேராக எதிர்கொள்கிறது. மூல வசனம் இன்னும் விழாத மனிதனை ‘விழுகிறவன்’ என்றே குறிப்பிடுகிறது என்பதைக் கவனித்த ரபீ இஸ்மவேலின் மரபினர், உலகம் படைக்கப்பட்ட ஆறு நாள்களிலிருந்தே அவன் விழுவதற்கு உரியவனாக இருந்தான் என்று அதற்குப் பொருள் கொண்டனர். ஆனால் அங்கே அவர்கள் நின்றுவிடவில்லை. நன்மை புண்ணியம் உடையவன் வழியாகவும் தீமை குற்றம் உடையவன் வழியாகவும் உலகில் நடத்தி வைக்கப்படுகிறது என்ற விதியையும் அதனுடன் இணைத்தனர். விழுபவனின் முடிவு எங்கோ எழுதப்பட்டிருக்கலாம். அது நிறைவேறுவதற்கான இடமாகத் தன் வீட்டைத் திறந்து வைத்தவன் எவனோ அவன் குற்றவாளி.

விதி, பொறுப்பு ஆகிய இரண்டில் ஒன்றைக் கைவிட்டிருந்தால் வாதம் எளிதாகியிருக்கும். எல்லாம் விதி என்று சொல்லிவிட்டால் சுவர் கட்டச் சொல்லும் கட்டளை பொருளற்றுப் போகும். எல்லாம் சுவர் இல்லாததன் விளைவு என்று மட்டும் சொன்னால் உலகில் இறைவனின் ஆட்சிக்கு இடமில்லாமல் போகும். ஞானியர் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டதை முரண்பாட்டைக் காணத் தவறிய பேதைமையாகக் கருதுவது தவறு. விதியும் பொறுப்பும் ஒரே மனிதரை நோக்கிச் சொல்லப்பட்டவை அல்ல என்று பிரித்துப் பார்த்தால் அந்த நிலைப்பாட்டின் வலிமை தெரியும். மகனை இழந்த தாய், அவன் ஆயுள் அவ்வளவுதான் என்று சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்ளலாம். அந்தச் சொல் அவளுக்கு உரியது. அதே சொல்லை, அவன் எந்த மாடியிலிருந்து விழுந்தானோ அந்த வீட்டின் உரிமையாளர் சொல்லும்போது அது ஆறுதலாக இல்லாமல் தப்பிக்கும் வழியாக மாறிவிடுகிறது. ஒரே கூற்று ஒருவர் வாயில் பக்தியாகவும் மற்றவர் வாயில் பழியைத் தள்ளும் சூழ்ச்சியாகவும் ஆகக்கூடும் என்பதால், அது உண்மையா என்று கேட்பதுடன் அதைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்றும் கேட்டாக வேண்டும்.

வினைக்கொள்கையில் ஊறிய இந்திய மரபிலும் இந்தச் சிக்கல் உண்டு. பகவத் கீதையின் 11ஆம் அத்தியாயத்தில் கண்ணன், எதிரே நிற்கும் வீரர்கள் தன்னால் முன்பே கொல்லப்பட்டுவிட்டதாகவும், அருச்சுனன் வெறும் நிமித்தமாக, அதாவது நடக்க வேண்டியது நடப்பதற்கான கருவியாக இருந்தால் போதும் என்றும் கூறுகிறான். முன்பே முடிவான சாவு, அது நிகழ்வதற்கு ஒரு கருவி என்ற அளவில் இரண்டு நூல்களின் சிந்தனையும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கிறது. ஆனால் கருவியாக இருப்பது அருச்சுனனின் தயக்கத்தைப் போக்குகிறது. வீடு கட்டுகிறவனுக்கோ அதுவே குற்றமாகிறது. போர்க்களத்தில் தன் கடமையைச் செய்யத் தயங்குகிறவனுக்குச் சொன்ன தேற்றத்தை, தன் கடமையைச் செய்யாமல் விட்டவன் எடுத்துக்கொள்ள முடியாது என்பதே இந்த வேறுபாட்டின் காரணம் எனலாம். கீதையைப் படித்தவர்களும் இதை மறந்து, மாடிப்படியில் கைப்பிடி இல்லாத வீட்டில் குழந்தை விழுந்தால் ‘தலையெழுத்து’ என்று பேசுவதைக் கேட்கும்போது மனம் வருந்தாமல் இருக்க முடியாது.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத மெய்யியலாளரும் மருத்துவருமான மைமோனிடிஸ், யூதச் சட்டம் முழுவதையும் வகைப்படுத்தி எழுதிய ‘மிஷ்னே தோரா’ என்ற தொகுப்பில் கைப்பிடிச் சுவருக்குக் கொடுத்த இடமே ஒரு வாதம். கொலையும் உயிர்காத்தலும் பற்றிய சட்டங்களின் நடுவே அவர் அதை வைத்தார். சுவரின் உயரம் பத்துக் கையகலத்துக்குக் குறையக் கூடாது. ஒருவர் சாய்ந்தாலும் அது சரியாதபடி உறுதியாக இருக்க வேண்டும். கையகலம் என்பது நான்கு விரல்களைச் சேர்த்து வைத்த அளவு. இன்றைய கணக்கில் அது 8 முதல் 9.6 சென்டிமீட்டர் வரை என்று கொள்வதால், சுவர் ஏறத்தாழ 80 முதல் 96 சென்டிமீட்டர் வரை உயரும். இந்த எண் தற்செயலானதன்று. பத்துக் கையகலம் ஆழமுள்ள குழி உயிரைக் கொல்லப் போதுமானது என்பது மிஷ்னா என்னும் பழைய சட்டநூலின் தீர்மானம். ஆளைக் கொல்லும் ஆழமும் ஆளைக் காக்கும் உயரமும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டுள்ளன. முற்றத்தில் உள்ள கிணற்றுக்கும் குழிக்கும் இதே சுவரையோ மூடியையோ மைமோனிடிஸ் வேண்டுகிறார். கடிக்கும் நாயையும் ஆட்டம் கண்ட ஏணியையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று ரபீ நாத்தான் இதே வசனத்திலிருந்து வருவித்த விதி தால்முத்தில் உள்ளது. என் உயிரை நான் பணயம் வைத்தால் மற்றவர்களுக்கு என்ன என்று கேட்பவனுக்கும் மைமோனிடிஸின் தொகுப்பில் தண்டனை உண்டு.

இந்த அளவுகளைத் தமிழ்நாட்டில் இன்று எழும் வீடுகளின்மேல் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் மாடி விளிம்பில் ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தைக் கேட்கிறது. அந்த உயரம், தளவேலை முடிந்த பின் நடக்கும் பரப்பிலிருந்து அளக்கப்பட வேண்டியது. கான்கிரீட் போட்ட உடனே மூன்றடிச் சுவர் கட்டிவிட்டு, பிறகு அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து வாட்டம் கொடுத்துத் தட்டோடு பதித்தால், சில அங்குலங்கள் தளத்துக்குள் மறைந்து, சுவர் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நாலரை அங்குலத்தில் ஒற்றைச் செங்கல் சுவராக, இடையிடையே தூணும் மேலே கான்கிரீட் பட்டையும் இல்லாமல் எழுப்பப்படும் கைப்பிடி, கண்ணுக்குச் சுவராக இருந்தாலும் சாய்ந்தவரைத் தாங்கும் என்று நம்புவதற்கில்லை. அழகுக்காகப் படுக்கைவாட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களை வரிசையாகப் பொருத்துவது இன்னும் கவலைக்குரியது, ஏனெனில் அது குழந்தைக்கு ஏணியாகிவிடுகிறது. செங்குத்தான கம்பிகளும், குழந்தையின் தலை நுழையாத இடைவெளியும் இருந்தால் அதே செலவில் உயிர் காக்கப்படும். வாசலருகே தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டிக்கு, ஒரு சிறுவனால் தூக்க முடியாத, பூட்டக்கூடிய மூடி வேண்டும். மைமோனிடிஸ் சொன்ன முற்றத்துக் கிணறு இன்று இந்த ‘சம்ப்’ வடிவில் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

யாருக்கு இந்தக் கடமை என்ற கேள்வியிலும் யூதச் சட்டம் நுட்பமானது. வசனம் புதிய வீட்டைக் கட்டுகிறவனைக் குறிப்பிட்டாலும், விலைக்கு வாங்கியவனும் மரபுரிமையாகப் பெற்றவனும் இதற்குக் கட்டுப்பட்டவர்களே என்று உபாகமத்தின் பழைய உரைநூலாகிய சிப்ரே விரித்துரைக்கிறது. வாடகை வீட்டில் கதவும் தாழும் அமைப்பது உரிமையாளரின் பொறுப்பு. கைப்பிடிச் சுவரோ குடியிருப்பவரின் பொறுப்பு என்கிறது தால்முத். நான்கு முழத்துக்கு நான்கு முழம்கூட இல்லாத குடிலுக்கும், மக்கள் குடியிருக்காத தொழுகைக்கூடத்துக்கும் விலக்கு உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, கடமை பத்திரத்தில் இருக்கும் பெயரைவிட மனிதர் புழங்கும் வாழ்க்கையையே பின்தொடர்கிறது என்பது விளங்கும். சாய்ந்த ஓட்டுக் கூரையின்மேல் யாரும் உலாவுவதில்லை; அந்த ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டுப் படிக்கட்டும் வைத்த நாளில், முன்பு இல்லாத ஒரு கடன் அந்தக் குடும்பத்தின்மேல் ஏறிவிடுகிறது.

அந்தக் கடன் எப்போது தொடங்குகிறது என்பதற்கும் சிப்ரேயில் விடை உண்டு: வீடு புதிதாக இருக்கும் நேரத்திலேயே சுவரை எழுப்ப வேண்டும். தமிழர் வழக்கில் பூமி பூஜைக்கும் வாசக்கால் வைப்பதற்கும் நல்ல நேரம் பார்த்து மஞ்சளும் குங்குமமும் இட்டு வழிபாடு நடக்கிறது. கைப்பிடிச் சுவருக்கு அப்படி ஒரு நாள் இல்லை. அது கடைசியில், கையில் பணம் தீர்ந்த கட்டத்தில், கொத்தனார் அடுத்த வேலைக்குப் போகும் அவசரத்தில் வருகிறது. முகூர்த்தம் தவறக்கூடாது என்பதற்காகப் படிக்கட்டுக்கும் மாடிக்கும் தடுப்பில்லாமலே கிரகப்பிரவேசம் நடத்தி, நூறு பேரை, அவர்களில் முதியோரையும் குழந்தைகளையும், மாடியில் பந்தி போட்டு உட்காரவைக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. விழுபவர் முன்பே குறிக்கப்பட்டவரா என்பதை எவரும் அறிய முடியாத நிலையில், அவ்வளவு பேரை அந்த விளிம்புக்கு அழைப்பது அறத்துக்கு உகந்ததன்று. தடுப்பு முடியாத மாடியைப் பூட்டிவிட்டுக் கீழேயே விருந்திடலாம். அல்லது முதல் எஸ்டிமேட்டிலேயே கைப்பிடிக்கான தொகையைத் தனியாக ஒதுக்கி, உள்பூச்சுக்கும் டைல்ஸுக்கும் முன்பாக அதைக் கட்டி முடிக்கலாம். யூத மரபில் இச்சுவரைக் கட்டும்போது சொல்வதற்கென்றே ஓர் ஆசிமொழி உண்டு. சுவர் எழுப்பக் கட்டளையிட்டதற்காக இறைவனைப் போற்றும் அதனை மைமோனிடிஸும் தம் தொகுப்பில் குறித்திருக்கிறார். வாசக்காலுக்கு வைக்கும் பூவில் ஒரு முழத்தை மாடியின் முதல் செங்கல் வரிசைக்கும் வைப்பதற்கு எந்தச் சாத்திரமும் தடை சொல்லவில்லை.