ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் யார்?

குன்னூரில் எங்கள் பங்கில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் நடைபெறும் மறைக்கல்வி வகுப்பில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறேன். பாஸ்கா காலத்தில் ஒரு நாள், பாஸ்கா திரியின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும் இரண்டு கிரேக்க எழுத்துகளைச் சுட்டிக்காட்டி, "இவை என்ன?" என்று கேட்டேன். "ஆல்ஃபா, ஓமேகா" என்று ஒரு மாணவி உடனே விடையளித்தாள். மகிழ்ந்துபோய், "ஆல்ஃபா என்றால் என்ன பொருள்?" என்று தொடர்ந்தேன்.

"கூட்டத்துத் தலைவன், சார். எல்லாரையும் அடக்கி வைக்கிற ஓநாய்."

"அப்படியானால் ஓமேகா?"

"எல்லாரிடமும் கடி வாங்குகிற ஓநாய்."

வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். ஆயினும் அந்தப் பெண் விளையாட்டாகச் சொல்லவில்லை. மனிதர் ஓநாயாக உருமாறும் ஆங்கிலக் கதைகளைக் கைப்பேசியில் வரிசையாகப் படித்து வருகிறாளாம். அவற்றில் ஓநாய் மனிதர்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றனர். கூட்டத்திற்கு ஓர் ஆல்ஃபா உண்டு. அவனுக்கு அடுத்தவன் பீட்டா. அடிமட்டத்தில் ஓமேகா. ஆல்ஃபா வாய் திறந்து ஆணையிட்டால் மற்றவர்கள் மீற முடியாது. மனம் மறுத்தாலும் உடல் பணிந்துவிடும். உலகம் எங்கும் இளையோர் இக்கதைகளை விரும்பிப் படிக்கின்றனர் என்பதால், இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தலைமை என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் எங்கேனும் ஓரிடத்தில் கற்றுக்கொண்டுதானே ஆக வேண்டும்!

நான் கற்ற இடமும் ஓநாய்க் கூட்டம்தான். பள்ளியில் குருளையர் படையில் சேர்ந்தபோது, எங்கள் தலைவரை நாங்கள் 'அகேலா' என்றே அழைத்தோம். 1894-இல் வெளிவந்த கிப்ளிங்கின் காட்டுக்கதையில் வரும் ஓநாய்த் தலைவனின் பெயர் அது. 1916-இல் பேடன் பவல் சிறுவர்களுக்கான படையைத் தொடங்கியபோது அந்தக் கதையிலிருந்தே பெயர்களை எடுத்துக்கொண்டார். அந்த அகேலா ஒரு முறை இரையைத் தவற விடுகிறான். உடனே கூட்டம் அவனைக் கொன்றுபோடக் கூடுகிறது. வலிமை இருக்கும் வரைக்குமே தலைமை என்ற இந்தப் பகுதியை எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

பழைய ஓநாய் மனிதக் கதைகளில் கூட்டம் என்பது அரிது. உரோமைக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், லிக்காவோன் என்பவன் ஆர்க்காடியா நாட்டின் அரசன். விருந்தினராய் வந்த தெய்வத்தைச் சோதிக்க மனித இறைச்சியைச் சமைத்துப் பரிமாறினான். தண்டனையாக ஓநாய் ஆக்கப்பட்டு, பேச்சிழந்து, தனியே காட்டுக்கு ஓடினான். தன் பொறுப்பில் இருந்தவர்களையே இரையாக்கும் ஆட்சியாளன் மனித உருவை இழக்கிறான் என்று அந்தக் கதையை நான் படிக்கிறேன். ஐரோப்பியரின் பிற்காலக் கதைகளிலும் ஓநாய் மனிதன் பெரும்பாலும் தனியன், ஊரைவிட்டு விலக்கப்பட்டவன். அவனுக்கு ஆல்ஃபா, பீட்டா என்ற பதவிப் பெயர்களைக் கொடுத்தது நம் காலம்.

இந்தப் புதுக்கதைகளுக்குள்ளும் மனச்சான்று எப்படியோ நுழைந்துவிடுகிறது. 'ட்விலைட்' வரிசையில் 2008-இல் வந்த இறுதி நாவலில், கூட்டத் தலைவன் ஒரு கருவுற்ற பெண்ணைக் கொல்ல ஆணையிடுகிறான். இளைஞன் ஒருவன் அந்த ஆணைக்குப் பணிய மறுத்துப் பிரிந்து செல்கிறான். கீழ்ப்படிதலுக்கு எல்லை எது என்று நம் அறநூலார் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி, ஓநாய்த் தோல் போர்த்துக்கொண்டு வந்து நிற்கிறது.

ஆல்ஃபா என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தபோதுதான் என் சிந்தனை திசை மாறியது. ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக் காட்சிச்சாலையில் ஓநாய்களைக் கவனித்து 1947-இல் எழுதினார். சிறியதோர் அடைப்பு. அதற்குள் பத்து வரையிலான ஓநாய்கள். அவை ஓயாமல் மோதிக்கொண்டன. வென்றது மேலே ஏறிற்று, தோற்றது கீழே போயிற்று. அமெரிக்கரான டேவிட் மெக் 1970-இல் வெளியிட்ட ஓநாய் பற்றிய பெருநூல் இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியது. பின்னர் அதே மெக், வடதுருவத்தை ஒட்டிய எல்ஸ்மியர் தீவில் பல கோடைகாலங்கள் காட்டு ஓநாய்களின் அருகிலேயே தங்கி அவற்றைக் கவனித்தார். 1999-இல் எழுதிய கட்டுரையில் தாம் பரப்பியதைத் தாமே திருத்தினார். காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பமே என்றார்: தாய், தந்தை, ஓரிரு ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள். அங்கே தலைமை என்பது யாரையும் கடித்து வென்ற பரிசன்று. பெற்றெடுத்ததால் வந்த பொறுப்பு. பல குட்டித் தொகுதிகள் சேர்ந்த பெருங்கூட்டங்களுக்கு மட்டும் பழைய சொல் ஓரளவு பொருந்தலாம். தம் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரை அவர் நெடுநாள் வேண்டிக்கொண்டிருந்தார்; 2022-இல்தான் அது நின்றது. தன் பிழையைத் தானே துரத்திப் பிடிக்க ஒருவருக்கு இத்தனை ஆண்டுகள் ஆகின்றன!

மெக் கண்ட ஒரு செய்தியை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். உணவு குறைவாய் இருக்கும்போது தாயும் தந்தையும் வளர்ந்த பிள்ளைகளை விலக்கிவிட்டு, மிகச் சிறிய குட்டிகளுக்கே முதலில் ஊட்டுகின்றன. அதிகாரம் அங்கேயும் உண்டு, உறுமலும் உண்டு. ஆனால் அந்த உறுமல் யாருடைய வயிற்றுக்காக என்பதில்தான் அடைப்புக்கும் காட்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. ஒருவருக்கொருவர் அயலாராய், தப்பிச் செல்ல வழியின்றி அடைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து, இதுவே ஓநாயின் இயல்பு என்று எழுதினார்கள். அதைப் படித்த மனிதர், இதுவே மனிதரின் இயல்பும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நம் நீலகிரிக் காடுகளில் கூட்டமாய் வேட்டையாடுவது செந்நாய். ஓநாய்க்கு உறவு என்றாலும் வேறு இனம். இருபது கிலோ எடைக்குள் அடங்கும். ஊளையிடாமல் சீழ்க்கையடித்து ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும். ஆங்கிலேயர் காலம் தொட்டு அதற்குக் கெட்ட பெயர். மான்களைத் தமக்கென ஒதுக்க விரும்பிய வேட்டைக்காரர் செந்நாயைப் பூண்டோடு அழிக்க முயன்றனர். கொன்றவருக்குப் பரிசுப் பணமும் வழங்கப்பட்டது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே அது ஓய்ந்தது. வழக்கறிஞராய் இருந்துகொண்டே காட்டைக் கவனித்து எழுதிய இ. ஆர். சி. டேவிதார், சீகூர்ப் பகுதியில் இருந்து செந்நாய்களைப் பற்றி எழுதினார். நான்குனேரியில் பிறந்து சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த அ. ஜா. த. ஜான்சிங், முதுமலையை அடுத்துள்ள பந்திப்பூரில் 1976 முதல் 1978 வரை செந்நாய்க் கூட்டத்தின் பின்னாலேயே நடந்தார். 2024-இல் மறைந்த அந்தப் பெரியவரின் ஆய்வு செந்நாயின் மறுபக்கத்தைக் காட்டிற்று. ஈன்ற தாய் வளையில் இருக்கையில் கூட்டத்தின் மற்ற நாய்கள் வேட்டையாடி வந்து, தின்றதைக் கக்கித் தாய்க்கும் குட்டிகளுக்கும் ஊட்டுகின்றன. குட்டிகள் வேட்டைக்களத்துக்கு வரத் தொடங்கியதும், வீழ்த்திய இரையில் முதலில் தின்ன இடம் அவற்றுக்கே. கூட்டத்தில் தலைமையான நாய் எது என்று வெளியாள் கண்டுபிடிப்பது கடினம். தங்களுக்குள் அவை அரிதாகவே சண்டையிடுகின்றன.

செந்நாயைப் புனிதராக்கப் பார்க்கிறேன் என்று வாசகர் எண்ண வேண்டாம். இரை சாவதற்கு முன்பே கடித்துத் தின்னத் தொடங்கும் விலங்கு அது. விலங்கிடம் ஒழுக்கம் கேட்பது தவறு; அதனிடமிருந்து ஒழுக்கத்தைக் கடன் வாங்குவதும் தவறுதான். காட்டில் இப்படி நடக்கிறது, ஆகவே நாமும் இப்படி நடக்கலாம் என்ற வாதத்தைக் கொடுமைக்காரர் எல்லாரும் பயன்படுத்தியிருக்கின்றனர். அந்த வாதத்தின் முதல் பாதியே பொய் என்று காட்டுவதற்கு மட்டுமே ஓநாயையும் செந்நாயையும் சான்றுக்கு அழைக்கிறேன். அதற்கு மேல் அவற்றுக்கு இங்கே வேலை இல்லை.

ஏனெனில் இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தலைமை என்பது குடும்பத் தலைமை போன்றது என்று சொல்லிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடுமா? நான் பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். மலையின் உச்சியில் துரையின் பங்களா, நடுவில் கணக்கர்களின் வீடுகள், பள்ளத்தில் நாங்கள். துரை, சின்னத் துரை, கணக்கர், மேஸ்திரி, பிறகு கொழுந்து பறிப்பவர்கள் என்ற வரிசையை யாரும் எழுதி ஒட்டவில்லை. மலைச்சரிவே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளையர் போய் நம்மவர் மேலாளராய் வந்த பின்பும் 'துரை' என்ற சொல் போகவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் அடிக்கடி ஒலித்த சொல் 'குடும்பம்' என்பதே. கிறிஸ்து பிறப்பு விழாவன்று துரை எங்கள் லைனுக்கு வருவார். பிள்ளைகளுக்கு மிட்டாயும் பெண்களுக்குச் சேலையும் கொடுத்து, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். பொய்யாகச் சொல்லவில்லை. என் தாய் நோயுற்றபோது தம் வண்டியிலேயே மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தவர் அவர்.

1973-இல் நான் பள்ளி இறுதித் தேர்வில் தேறினேன். துரை என் தந்தையை அழைத்து, "பையனுக்குப் பெயர் போட்டுவிடுகிறேன். நிழலில் செய்கிற வேலையாகவே பார்த்துக் கொடுக்கிறேன்" என்றார். தொழிற்சாலையில் தேயிலை வாட்டும் தட்டுகளைக் கவனித்துவந்த என் தந்தை, வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொல்லை மறுத்தார். "மன்னிக்கணும் துரை. அவன் வெளியே போகட்டும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம். துரை கோபப்படவில்லை. "நான் உனக்கு என்ன குறை வைத்தேன்?" என்று மட்டும் கேட்டார். அவருடைய குரல் தழுதழுத்தது என்று என் தந்தை பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் என் தந்தை தொழிற்சாலையிலிருந்து கவாத்து வெட்டும் வேலைக்கு மாற்றப்பட்டார். ஓய்வு பெறும் வரை மலைச்சரிவிலேயே வெயிலிலும் மழையிலும் நின்றார். அந்தத் துரையைப் பற்றி ஒரு கடுஞ்சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

அந்தத் துரை கொடியவர் அல்லர் என்பதையே பல ஆண்டுகள் சிந்தித்துக்கொண்டிருந்தேன். அவர் தந்தையைப் போல் இருந்தார். உணவு கொடுத்தார், காத்தார், வருந்தினார். எங்கே தவறியது? காட்டு ஓநாயைப் பற்றிய செய்தி ஒன்றில்தான் எனக்கு விடை கிடைத்தது. காட்டில் பிறந்த ஓநாய்க் குட்டி பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் தன் கூட்டத்தை விட்டுப் போய்விடுகிறது. போய், துணை தேடி, தானும் தாயாகவோ தந்தையாகவோ ஆகிறது. அதாவது அங்கே கீழே இருப்பது என்பது ஒரு பருவம், தலைவிதி அன்று. இன்றைய சிறியது நாளைய தலைவன். எங்கள் தோட்டத்தில் துரை எங்களைப் பிள்ளைகளாக நேசித்தார். ஆனால் நாங்கள் என்றைக்கும் பிள்ளைகளாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். பாட்டி பறித்த வரிசையில் தாய் பறித்தாள், தாய் பறித்த வரிசையில் மகள். வேலி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பாசல் நகரத்து அடைப்புக்கும் அதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

நம் மறை, தலைவரை ஆயர் என்று அழைக்கிறது. ஓநாயோ ஆயனின் பகைவன். ஆகவே ஓநாயிடமிருந்து தலைமையைப் பற்றி எதையேனும் கேட்டுக்கொள்வது நமக்குக் கூச்சமாய் இருக்கலாம். ஆனால் ஆயன் என்ற உருவகத்தில் ஒரு குறையும் ஒளிந்திருக்கிறது: ஆடு எத்தனை ஆண்டுகள் வளர்ந்தாலும் ஆயன் ஆவதில்லை. இயேசு இந்தக் குறையை அறிந்தே இருந்தார் போலும். தம்மை நல்லாயன் என்றவர், இறுதி இரவில் சீடரின் காலடிகளைக் கழுவி, அவர்களைப் பணியாளர் என்னாமல் நண்பர் என்றார். தாம் செய்வதையும் அதனினும் பெரியவற்றையும் அவர்கள் செய்வார்கள் என்றார். பாஸ்கா திரியின் இரு எழுத்துகளும் ஒருவரையே குறிக்கின்றன. விவிலியத் தமிழில் அவர் அகரம், அவரே னகரம். கூட்டத்தின் தலைவனும் எல்லாரிடமும் கடி வாங்கியவனும் ஒருவரே என்பதை அந்த மாணவிக்கு மறு வாரம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படி ஒரு கதை நான் இன்னும் படிக்கவில்லை, சார்" என்றாள்.

இவ்வளவையும் எழுதுகிற நான் பங்குப் பேரவையில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செயலர். சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தில் இளைஞர் சிலர் வந்து, வீடுவீடாகப் பாடிச் செல்லும் கீதப் பவனியை இனித் தாங்களே நடத்திக்கொள்வதாகவும், வரவு செலவையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும் பணிவாய்க் கேட்டனர். அவர்களில் மூவர் என்னிடம் மறைக்கல்வி கற்றவர்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. "நான் உங்களுக்கு என்ன குறை வைத்தேன்?" என்று கேட்டுவிட்டேன். அந்தச் சொற்களை முதலில் யார் சொன்னது என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் நினைவுக்கு வந்தது. கணக்குப் புத்தகத்தை நான் இன்னும் அவர்களிடம் கொடுக்கவில்லை. அவர்களும் மீண்டும் கேட்கவில்லை.